ஏரிச் சேறு சொல்லும் மாசு வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அதில் புதைந்து கிடக்கும் டயட்டம் முதலிய நுண்ணுயிர்களின் ஓடுகளை எண்ணி, அந்த நீர்நிலை எப்போது எதனால் கெட்டது என்று கண்டறியும் முறையைப் பற்றிப் பேசப்போன இடங்களிலெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர் ஏரிக்காக அலைகிறவர்கள், ஓரிரு வழக்கறிஞர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

விடைகளில் பெரும்பகுதி ஸ்காட்லாந்திலுள்ள ஒரு சிறிய மலை ஏரியையே சுற்றி வரும். இந்த முறை எதிர்வாதங்களை நேருக்கு நேர் சந்தித்துத் தன்னை நிரூபித்துக்கொண்டது அங்கேதான் என்பதால் அந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தேன்.

வெறும் சேற்றை வைத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு முன்னால் தண்ணீர் எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஏரிக்குள் வந்து சேர்வதில் பெரும்பங்கு திரும்பிப் போவதில்லை. மழைநீர் அடித்துவரும் மண், காற்றில் வரும் மகரந்தம், ஆலைப் புகையின் துகள், ஏரியிலேயே பிறந்து மடியும் பாசிகளின் ஓடு ஆகியவை யாவும் மெல்ல அடியில் படிகின்றன. இந்த ஆண்டுப் படிவின்மேல் அடுத்த ஆண்டுப் படிவு அமர்கிறது. ஆழமான, அமைதியான ஏரிகளில் இப்படி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முதல் சில மில்லிமீட்டர் வரை சேர்வது வழக்கம். ஆகவே அரை மீட்டர் சேற்றுக்குள் சில நூற்றாண்டுகள் அடங்கிக் கிடக்கலாம்.

பழைய தண்ணீர் அப்படியே அங்கே இருப்பதில்லை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அந்தத் தண்ணீரில் வாழ்ந்தவற்றின் எச்சமே இருக்கிறது. எச்சத்திலிருந்து தண்ணீரின் தன்மையை ஊகித்தறிவதே இந்தத் துறையின் வேலை. அந்த ஊகத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதே இனி வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் உட்பொருள்.

தண்ணீரை எடுத்து நேராகப் பரிசோதித்தால் போதாதா? சேற்றைக் கிளறுவானேன்?

இன்றைய நிலையை அறியத் தண்ணீர்ப் பரிசோதனை போதும். ஆனால் ஓர் ஏரி கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு, கெடுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். உலகின் மிகப் பெரும்பாலான ஏரிகளில் முறையான அளவீடு தொடங்கியதே, மீன் செத்து மிதந்த பிறகோ நாற்றம் எழுந்த பிறகோதான். பழைய அளவீடு ஏதேனும் கிடைத்தாலும், நிறம் மாறும் சாயங்களைக் கொண்டு அன்று அளந்த எண்ணையும் மின்முனை கொண்டு இன்று அளக்கும் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

வேறொரு காரணமும் உண்டு. தண்ணீரின் தன்மை மழை பெய்த மறுநாளே மாறும். சேற்றின் ஒரு மெல்லிய சீவல் சில ஆண்டுகளின் சராசரியைத் தருகிறது. நீண்டகாலப் போக்கை அறிய விரும்புகிறவருக்கு இந்தச் சராசரி ஒரு வசதி. ஒரே இரவில் நடந்த கசிவைத் தேடுகிறவருக்கு அதுவே குறை.

டயட்டம் என்கிறீர்களே, அது பாசியா, பூச்சியா?

ஒற்றைச் செல் பாசி. மற்றப் பாசிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது, கண்ணாடியை ஒத்த சிலிக்காவால் தன்னைச் சுற்றி அது கட்டிக்கொள்ளும் ஓடு. மூடியும் அடியுமாகப் பொருந்திய சம்புடம் போல அந்த ஓடு இரண்டு பாதிகளால் ஆனது. செல் மடிந்து உள்ளிருப்பது அழுகிப்போன பின்னும் ஓடு சேற்றில் நிற்கும். ஓட்டின் மேலுள்ள கோடுகள், துளைகள், அவற்றின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடலாம்.

ஒவ்வோர் இனமும் தனக்கு ஏற்ற நீரைத் தேடுவது. சில அமிலநீரில் செழிக்கும். சில சாக்கடை கலந்த சத்துமிக்க நீரில் பெருகும். சில உப்பைத் தாங்கும். சில நாட்களில் ஒரு தலைமுறை கடந்துவிடுவதால், நீர் மாறினால் இனக்கலப்பும் விரைவில் மாறும். சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஓடுகள் கிடைப்பதால் எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

சரி, இந்த டயட்டம் இருந்தால் தண்ணீர் அமிலம் என்று முதலில் யார் முடிவு செய்தது?

இந்தக் கதை நம் பக்கத்து வெப்பமண்டலத்தில் தொடங்குகிறது. ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் ஹூஸ்டெட், 1928-29இல் ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுப் பயணத்தில் மற்றவர்கள் சேகரித்த டயட்டங்களை ஆராய்ந்து, 1930களின் இறுதியில் அவற்றை அமிலத்தில் மட்டுமே வாழ்பவை முதல் காரத்தில் மட்டுமே வாழ்பவை வரை ஐந்து வகையாகப் பிரித்தார். நெடுங்காலம் அந்த வகைப்பாடே அளவுகோலாக இருந்தது.

பிறகு வந்தவர்கள் இதை எண்ணாக்கினார்கள். இன்றுள்ள பல ஏரிகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் பிஎச் அளவையும் (அமில-கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) மேற்பரப்புச் சேற்றிலுள்ள டயட்டங்களையும் சேர்த்துப் பதிவு செய்வது முதல் படி. பிரிட்டன், நார்வே, சுவீடன் நாடுகளின் 167 ஏரிகளைக் கொண்டு ஜான் பர்க்ஸும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட கணக்கு இதற்குப் பெயர்பெற்றது. ஓர் இனம் எந்தெந்த பிஎச்சில் எவ்வளவு மிகுதியாக இருக்கிறது என்று பார்த்து அதற்கு உகந்த புள்ளியைக் கணித்துவிடுகிறார்கள். பழைய சேற்றில் எந்த இனம் எத்தனை விழுக்காடு இருக்கிறதோ அந்த விகிதத்தில் அவற்றின் உகந்த புள்ளிகளைச் சராசரியாக்கினால் அன்றைய பிஎச் கிடைக்கும். பிழை ஏறத்தாழ 0.3 அலகு. அதாவது 5.4 என்று கணக்கு சொன்னால் 5.1க்கும் 5.7க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்று பொருள். இந்தப் பிழையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிற அறிக்கையை நான் நம்புவதில்லை.

சேற்றை மேலே கொண்டுவருவதற்குள் எல்லாம் கலந்துபோகாதா?

கவனமில்லாமல் எடுத்தால் கலந்துதான் போகும். அதனால் ஒளி ஊடுருவும் நீண்ட குழாயைப் படகிலிருந்து நேர்செங்குத்தாக இறக்கி, அது தன் எடையாலேயே சேற்றில் மெல்லப் புகும்படி செய்கிறார்கள். மேல்வாயை அடைத்துத் தூக்கினால் சேறு தூணாக அப்படியே வருகிறது. மேல் ஓரிரு சென்டிமீட்டர் கஞ்சியைப் போல் நெகிழ்ந்திருக்கும் என்பதால், குழாய்க்குள் சேற்றுக்கு மேல் நிற்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. கலங்கியிருந்தால் அந்தத் தூணைக் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பார்கள். சில ஆய்வாளர்கள் உலர்பனி நிரப்பிய உலோகப் பெட்டியைச் சேற்றில் இறக்கி, சேறு அதன் புறத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டதும் தூக்குகிறார்கள்.

எடுத்த தூணைக் கீழிருந்து தள்ளி, அரை அல்லது ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சீவித் தனித்தனிப் பைகளில் இடுவார்கள். ஏரியின் மிக ஆழமான பகுதியைத் தேர்வது வழக்கம். அங்கேதான் அலை கலக்காது.

எந்தச் சீவல் எந்த வருடத்தது என்று எப்படித் தெரியும்?

மண்ணிலுள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான ரேடான் வாயு காற்றில் கலந்து, சிதைந்து, ஈயம்-210 ஆகி, மழையோடும் தூசியோடும் ஏரியில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், சுமார் 22 ஆண்டுகள். ஆகவே ஆழம் போகப்போக அது குறைகிறது. குறையும் விதத்திலிருந்து வயதைக் கணிக்கலாம். ஏழு அரை ஆயுட்காலம் கடந்தால் அளக்கத்தக்க அளவு மிஞ்சுவதில்லை என்பதால் ஏறத்தாழ 150 ஆண்டுகள்வரைதான் இது பயன்படும். தொழிற்புரட்சிக்குப் பிந்தைய மாசைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஈயம்-210ஐ ஏரிச் சேற்றின் வயதறியப் பயன்படுத்திக் காட்டிய தொடக்க ஆய்வு 1971இல் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் இருவர், எஸ். கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும், அன்றைய பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே கடிகாரத்தை நம்புவது தவறு. அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சுத் தூசியில் வந்த சீசியம்-137, 1963ஆம் ஆண்டுப் படிவில் உச்சத்தைத் தொடும். அந்த ஆண்டில் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐரோப்பாவின் பல ஏரிகளில் 1986இல் நடந்த செர்னோபில் விபத்தின் உச்சம் வேறாகத் தெரியும். ஈயம்-210 சொல்லும் வயதும் இந்த உச்சங்களும் பொருந்தினால்தான் மேலே போகலாம்.

மரத்தில் வளையம் இருப்பதுபோல் வருடத்துக்கு ஓர் அடுக்கு இருக்காதா?

சில ஏரிகளில் இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள கிராஃபர்ட் ஏரி அத்தகையது. பரப்பில் சிறியதும் ஆழம் மிகுந்ததுமாகிய அதன் அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை. கோடையில் படியும் வெளிறிய சுண்ணப் படலமும் மற்றக் காலத்தில் படியும் கரிய படலமும் சேர்ந்து ஓராண்டுக் கணக்கைத் தருகின்றன. மனிதச் செயல்களால் அடையாளம் காணப்படும் புதிய புவியியல் காலத்துக்குச் சான்றிடமாக 2023இல் அந்த ஏரியை ஓர் ஆய்வுக்குழு முன்மொழிந்ததும், 2024இல் அந்த முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றதும் செய்திகளில் வந்தன. முன்மொழிவு தோற்றதால் அந்தச் சேற்றின் தரம் குறைந்துவிடவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட ஏரிகள் அரிது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டயட்டத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். கையளவுச் சேறு போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டுச் சூடாக்கினால் அழுகிய இலை, வேர் முதலிய கரிமப்பொருள் கரைந்துபோகும். சுண்ணாம்பு இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை நீக்கும். எஞ்சியதைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி, ஒரு சொட்டை மூடிக்கண்ணாடியில் உலரவிட்டு, ஒளிவிலகல் மிகுந்த பிசினில் பதிக்க வேண்டும். சாதாரணப் பிசினில் சிலிக்காவும் பிசினும் ஒன்றாகத் தெரிந்து ஓட்டின் கோடுகள் மறைந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எண்ணெய் வில்லையோடு ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு சீவலுக்கு 300 முதல் 500 ஓட்டுப் பாதிகள் வரை எண்ணுவது வழக்கம். பெராக்சைடைப் புகைபோக்கிக்கு அடியில், கையுறையோடு, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே சூடாக்குங்கள்.

எண்ணுவது எளிது. இனத்தை அடையாளம் காண்பதுதான் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய வேலை.

அந்த ஸ்காட்லாந்து ஏரியில் அப்படி என்னதான் கண்டார்கள்?

தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேலோவே மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், கருங்கற் பாறை மேல் கிடக்கும் சிறிய ஏரி ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட். சுற்றிலும் புல்வெளியும் கரிச்சதுப்பும் தவிர வேறில்லை; ஆலை இல்லை, ஊர் இல்லை, சாக்கடையும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் ஃப்ளவரும் ரிக் பாட்டர்பீயும் இதன் சேற்றையும் அருகிலுள்ள லாக் கிரானக்கின் சேற்றையும் ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள்.

கீழ்ப்படிவுகளில், ஓரளவே அமிலமான நீரில் வாழும் பிராக்கிசைரா விட்ரியா போன்ற இனங்கள் நிறைந்திருந்தன. சுமார் 1850க்குப் பின் அவை தேயத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டுப் படிவுகளில் கடும் அமிலநீரை விரும்பும் டபெல்லேரியா குவாட்ரிசெப்டாட்டாவும் டபெல்லேரியா பைனாலிஸும் தலையெடுத்தன. பிஎச் கணக்கில் இது ஏறத்தாழ ஓர் அலகு வீழ்ச்சி. ஓர் அலகு என்பது சிறிதாகத் தோன்றும். அந்த அளவுகோல் பத்தின் மடங்கில் ஏறுவதால், நீரின் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடியது என்று பொருள். கருங்கல் அமிலத்தைச் சமன்செய்யும் சுண்ணத்தைத் தருவதில்லை என்பதால் ஏரிக்குத் தற்காப்பும் இல்லை. காரணமாகச் சொல்லப்பட்டது, ஆலைப் புகையின் கந்தகம் கலந்த அமில மழை. அதே மழை சுண்ணப்பாறை மேல் பெய்திருந்தால் டயட்டங்கள் அசைந்திருக்கக்கூட மாட்டா.

அது அமில மழையால்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? மலையில் வேறு எதுவும் மாறவில்லையா?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. அன்றைய எதிர்வாதமும் இதுவே. அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்குப் பணம் செலவழித்துக் கடிவாளமிட வேண்டுமா என்ற கேள்வி பிரிட்டனுக்கும் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும் இடையே முற்றியிருந்த காலம். மலைச்சரிவுகளில் ஊசியிலைக் காடு வளர்த்ததாலும், மேய்ச்சல் குறைந்து முட்புதரும் கரிச்சதுப்பும் பெருகியதாலும் மண்ணே அமிலமாகி ஏரியைக் கெடுத்திருக்கலாம் என்று நார்வே நாட்டுப் புவியியலாளர் ரோசன்குவிஸ்ட் முதலியோர் வாதிட்டார்கள். வாதம் அபத்தமானதன்று. ஊசியிலைக் காடு மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டும் என்பது உண்மை.

இதைச் சோதிக்கும் வழி ஏரித் தேர்விலேயே இருந்தது. லாக் கிரானக்கின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு வளர்க்கப்பட்டிருந்தது. ரவுண்ட் லாக்கில் ஒருபோதும் வளர்க்கப்படவில்லை. ஆனாலும் இரண்டும் அமிலமாயின. கிரானக்கிலும் மரம் நடுவதற்கு முன்பே வீழ்ச்சி தொடங்கிவிட்டிருந்தது. எனவே காடு முதற்காரணமாக இருக்க முடியாது.

புதர், சதுப்பு என்ற வாதத்துக்கு விடை இன்னும் ஆழமான சேற்றில் கிடைத்தது. பனியுகம் முடிந்ததிலிருந்து படிந்த முழுச் சேற்றையும் எடுத்துப் பார்த்தபோது, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மலையில் மரங்கள் அழிந்து கரிச்சதுப்பு பரவியதை மகரந்தம் தெளிவாகக் காட்டியது. எதிர்வாதம் சரியென்றால் அப்போதே பிஎச் சரிந்திருக்க வேண்டும். டயட்டங்கள் அப்படி எதையும் காட்டவில்லை. இயற்கை தானே நடத்தி வைத்திருந்த அந்தச் சோதனையை 1986இல் ஜோன்ஸ், ஸ்டீவன்சன், பாட்டர்பீ மூவரும் வெளியிட்டார்கள். மறுப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்: எதிராளியின் கருத்து உண்மையானால் எது நடந்திருக்க வேண்டும் என்று கேட்டு, அது நடந்ததா என்று அதே சேற்றில் தேடியிருக்கிறார்கள்.

பிரிட்டனின் மின்வாரியமும் நிலக்கரி வாரியமும் ஐம்பது லட்சம் பவுண்டு கொடுத்து, பிரிட்டன், நார்வே, சுவீடன் நாடுகளின் அறிவியல் கழகங்கள் நடத்திய கூட்டு ஆய்வு 1990இல் முடிவடைந்தபோதும், அமில மழையே காரணம் என்ற நிலையே உறுதிப்பட்டது. பணம் கொடுத்தவர்களின் தரப்புக்கு அந்த முடிவு சாதகமானதன்று என்பதையும் கவனிக்கலாம்.

புகை அந்த மலைவரை வந்தது என்பதற்கு நேரடி ஆதாரம் ஏதாவது உண்டா?

உண்டு. நிலக்கரியையும் உலை எண்ணெயையும் மிகுந்த வெப்பத்தில் எரிக்கும்போது நுண்ணிய கரிக்கோளங்கள் புகையோடு வெளியேறுகின்றன. நுண்ணோக்கியில் கடற்பஞ்சு போல் துளைத்த கறுப்பு உருண்டையாக அவை தெரியும். விறகு எரிந்தாலோ காட்டுத்தீயிலோ இவை உண்டாவதில்லை. இயற்கை மூலமே கிடையாது. பிரிட்டனின் ஏரிகளில் இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தலைகாட்டி, 1950ஐ ஒட்டித் திடீரென்று பெருகுகின்றன. ரவுண்ட் லாக்கின் சேற்றிலும் டயட்டம் மாறும் படிவுகளில் இந்தக் கோளங்களும் ஈயம், துத்தநாகம் முதலிய உலோகங்களும் கூடியிருந்தன. வேதியியல், உயிரியல், கரித்துகள் என்று ஒன்றையொன்று சாராத மூன்று வழிகள் ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் முடிவுக்குப் பலம் வருகிறது.

டயட்டத்தைத் தவிர வேறு உயிர்கள் உதவாதா?

உதவும். நீர்த்தெள்ளு என்று நாம் சொல்லும் டாஃப்னியாவும் அதன் உறவினங்களும் உதிர்க்கும் கைட்டின் ஓடுகள், மணல் துகளை ஒட்டி வீடு கட்டும் ஓட்டு அமீபாக்கள், கொசு இனத்தை ஒத்த கடிக்காத ஈக்களின் புழுத்தலைகள் ஆகியவை எல்லாம் சேற்றில் நிலைக்கின்றன.

இவை ஒன்றாகப் பேசிய இடம் இத்தாலியின் ஓர்தா ஏரி. 1926இல் அதன் கரையில் தொடங்கிய செயற்கைப் பட்டு ஆலையின் கழிவில் தாமிரமும் அமோனியமும் வந்து கலந்தன. ஓரிரு ஆண்டுகளிலேயே மிதவை உயிர்களும் மீன்களும் அழிந்ததை ரீனா மோந்தி 1930இல் பதிவு செய்தார். பின்னாளில் அமோனியம் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரேட்டாக மாறியபோது ஏரி முழுவதும் அமிலமானது. 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அந்தச் சேற்றின் டயட்டங்களையும் ஓட்டு அமீபாக்களையும் நீர்த்தெள்ளு இனங்களையும் சேர்த்து அளந்தார்கள். மாசு தொடங்கியதும் மூன்று கூட்டமும் உருவில் சிறுத்திருந்தன. இனப்பட்டியலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, அளவுகோலை எடுத்து நீளத்தையும் பார் என்று அந்த ஏரி சொல்லிக்கொடுத்தது.

பாதரசமோ தாமிரமோ கலந்தால் டயட்டம் காட்டிக்கொடுக்குமா?

அமிலத்தையும் சத்துமிகுதியையும் காட்டுவதுபோல் தெளிவாகக் காட்டாது. உலோக நஞ்சு மிகுந்த நீரில் ஓடு வளைந்தும் கோணலாகவும் உருவாவதுண்டு. ஓர்தாவிலும் அப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்தன. ஆனால் ஓடு கோணலாக வேறு காரணங்களும் உண்டு. இன்ன உலோகம் இவ்வளவு என்று அறியச் சேற்றை வேதியியல் முறையில் நேராக அளந்தே ஆக வேண்டும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பற்றிய ஆய்வில் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றை நேரடியாக அளந்தது அதனால்தான். உலோகம் எவ்வளவு என்பதை வேதியியல் சொல்லும். அது உயிர்களை என்ன செய்தது என்பதை நுண்ணுயிர்கள் சொல்லும்.

சேற்றில் ஈயம் அதிகம் இருந்தால் பக்கத்து ஆலைதான் காரணம் என்று எழுதிவிடலாமா?

கூடாது. எல்லாப் பாறையிலும் கொஞ்சம் ஈயம் உண்டு. தொழில் தொடங்குவதற்கு முந்தைய ஆழமான படிவுகளின் அளவைக் கழித்த பிறகே பேச வேண்டும். மண்ணரிப்பு கூடினாலும் உலோகம் கூடும் என்பதால், டைட்டானியம் போல் பாறையிலிருந்து மட்டுமே வரும் தனிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் தொலைவிலிருந்து காற்றில் வந்த பங்கு இருக்கும். மனித நடமாட்டம் குறைந்த சுவீடன் ஏரிகளில் கிரேக்க, ரோமானியர் காலத்து உலோக உருக்கலின் ஈயம் சுமார் 2,000 ஆண்டுப் படிவில் தெளிவாக இருப்பதை இங்மார் ரென்பெர்க் குழுவினர் 1994இல் காட்டினார்கள். அந்த ஏரிக்கரையில் எந்த ரோமானியனும் உலை வைத்திருக்கவில்லை. ஈய ஐசோடோப்புகளின் (அணு எடையில் மட்டும் வேறுபடும் ஈய வகைகளின்) விகிதம் எந்தச் சுரங்கத் தாதின் சாயல் என்பதைப் பிரித்தறிய ஓரளவு உதவும்.

புழுக்கள் சேற்றைக் கிளறிவிட்டால், சீசியம் இடம் நகர்ந்தால், எல்லாக் கணக்கும் தப்பாகிவிடாதா?

நியாயமான ஐயம். அடிவாழ் புழுக்கள் மேல் சில சென்டிமீட்டரைக் கலக்கும். கூர்மையான உச்சம் மழுங்கி அகலமாகும். நூற்றாண்டுப் போக்கு இதனால் மறைவதில்லை. ஆனால் ‘1974இல் தொடங்கியது’ என்பதுபோல் ஆண்டைச் சுட்டிச் சொல்லும் உரிமை போய்விடும்.

சீசியம் இன்னும் சிக்கலானது. களிமண் குறைந்த, கரிமம் மிகுந்த, அமிலமான சேற்றில் அது கரைந்து மேலும் கீழும் நகரக்கூடும். நாம் பேசும் மலை ஏரிகள் அந்த வகையே என்பது இந்தத் துறையின் துரதிர்ஷ்டம். அங்கே, அதே குண்டுச் சோதனைகளில் வந்ததும் எளிதில் நகராததுமான அமெரிசியம்-241இன் உச்சத்தைத் தேடுகிறார்கள். கரிக்கோளங்களின் ஏற்றமும் இன்னொரு சரிபார்ப்பு. பல கடிகாரங்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று வயதைப் பற்றிய விடையில் சொன்னதற்கு இதுவே காரணம்.

புகையை நிறுத்திவிட்டால் ஏரி பழையபடி ஆகிவிடுமா?

தண்ணீர் ஓரளவு ஆகும். உயிர்கள் அதே வழியில் திரும்புவதில்லை. பிரிட்டனின் கந்தக டையாக்சைடு வெளியேற்றம் 1970 அளவிலிருந்து பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 1988 முதல் கண்காணிக்கப்படும் ரவுண்ட் லாக்கில் பிஎச் ஏறி, கடும் அமிலத்தை விரும்பிய இனங்கள் குறைந்துள்ளன. ஆனால் இன்று அங்கே சேரும் டயட்டக் கூட்டம் 1850க்கு முந்தைய கூட்டத்தோடு ஒத்துப்போவதில்லை.

உலோகத்தின் கதை இன்னும் மெதுவானது. ஸ்காட்லாந்தின் கிழக்கிலுள்ள லோக்னகர் மலை ஏரியில், காற்றில் வரும் ஈயமும் பாதரசமும் குறைந்த பின்னும், நூறாண்டுகளாக அவற்றைத் தேக்கி வைத்த சுற்றுப்புறக் கரிச்சதுப்பு அரிக்கப்பட்டு ஏரிக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஓர்தாவில் காத்திருக்காமல் 1989-90இல் சுண்ணப்பொடியைக் கொட்டி அமிலத்தை முறித்தார்கள்; நீர் நடுநிலைக்கு வந்தது, தாமிரம் கரைந்த நிலையிலிருந்து விலகிச் சேற்றுக்குள் போனது. இன்றும் அது சேற்றில்தான் இருக்கிறது.

சேற்றில் புதைந்த பழைய முட்டைகளைப் பொரிக்க வைக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். நீர்த்தெள்ளு கடுங்காலத்தில் தடித்த உறையுள்ள உறக்க முட்டை இடும்; அது பல பத்தாண்டுகள் சேற்றில் உயிரோடு கிடக்கும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் எல்லையாகக் கொண்ட கான்ஸ்டன்ஸ் ஏரியில் சத்துமிகுதியால் நச்சு நீலப்பச்சைப் பாசி பெருகியதற்கு முந்தைய முட்டைகளையும் பிந்தைய முட்டைகளையும் பொரித்து, இரண்டுக்கும் நச்சுப்பாசி கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிந்தையவை அதை நன்கு தாங்கின. 1999இல் முடிவு வெளிவந்தது. மாசுக்கு உயிர்கள் தகவமைந்ததை, தாத்தாவையும் பேரனையும் ஒரே தொட்டியில் வளர்த்துப் பார்த்த கதை இது.

நம் ஊர் ஏரியில் இதைச் செய்யலாமா?

எல்லா ஏரியிலும் பயன் தராது என்று சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளி ஏரிகள் பாசனத்துக்காகக் கரையெழுப்பிய ஆழமற்ற நீர்நிலைகள். கோடையில் வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் மேல்மண் விழும். மாடு இறங்கி மிதிக்கும். கரம்பை எடுத்து வயலுக்கு இடுவது நம் பழைய வழக்கம், அரசும் அண்மை ஆண்டுகளில் அதற்கு அனுமதி தந்து வருகிறது. வேளாண்மைக்கும் ஏரிக்கும் அது நல்லது. அடுக்கு வரலாற்றுக்கு மட்டும் அது நூலகத்தில் பக்கம் கிழித்த கதை. இதோடு, காரத்தன்மை மிகுந்த நீரில் சிலிக்கா ஓடு கரையத் தொடங்கும். மெல்லிய ஓடுகள் மறைந்து தடித்தவை மட்டும் மிஞ்சினால், கரைசலின் விளைவை மாசின் விளைவென்று தவறாகப் படிக்க நேரும்.

மலை ஏரிகளும் தூர்வாராத நீர்த்தேக்கங்களும் ஏற்றவை. ஆனால் அவற்றின் ஆவணம் அணை கட்டிய நாளில்தான் தொடங்குகிறது: கொடைக்கானல் ஏரிக்கு 1863, மேட்டூருக்கு 1934. இன்னொரு தடை, ஐரோப்பிய ஏரிகளில் உருவாக்கிய பிஎச் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நம் ஏரிகளின் நீரையும் டயட்டத்தையும் சேர்த்து அளந்த உள்ளூர்ப் பட்டியல் முதலில் வேண்டும். கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை அது; அதற்குப் படகோ துளைகுழாயோ தேவையில்லை.

இந்த ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், எதற்கு வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். மாசு ஏறத்தாழ எந்தப் பத்தாண்டில் தொடங்கியது, அதற்கு முன் ஏரி எந்நிலையில் இருந்தது, எப்போது உச்சம் தொட்டது, இன்று குறைகிறதா என்பவற்றைச் சேறு நன்றாகச் சொல்லும். இன்னாருடைய குழாயிலிருந்து வந்தது என்று அது தனியே சொல்லாது. அதற்கு ஆலை தொடங்கிய ஆண்டு, மூலப்பொருள் பதிவேடு, ஓடை வழியாக மேலே போகப்போகக் கூடும் செறிவு, மாசு படாத பக்கத்து ஏரியின் தூண் ஆகியவை உடன் வர வேண்டும். பக்கத்து ஏரியின் தூணை வழக்கு தொடங்கிய பின் தேடுவதைவிட, முதல் நாள் படகிலேயே அதற்கும் சேர்த்துக் குழாய் எடுத்துப் போவது நல்லது.

ஒரே ஒரு தூணோடு வருகிறவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் மடக்கிவிடுவார். குறைந்தது இரண்டு தூண்கள், இரண்டு வயதுக்கணக்கு, சீவல்களில் ஒரு பாதியைத் திறக்காமல் முத்திரையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்த பதிவு ஆகியவற்றோடு போகச் சொல்வேன்.